வைண்டிங் கடையை விட்டு கப்பலூர் கம்பெனிக்குப் போகலாமா? கையில் வருவது ஒரே பணம்தான்

திருமங்கலம் வைண்டர் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. ட்ரிபிள் இ டிப்ளமோ முடித்ததில் இருந்து திருமங்கலத்தில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்க்கிறேன். உசிலம்பட்டி, பேரையூர், கள்ளிக்குடி பக்கத்துத் தோட்டங்களில் எரிந்துபோகும் சப்மெர்சிபிள், மோனோபிளாக் மோட்டார்கள் எங்கள் கடைக்கு வரும். எரிந்த காயிலை வெட்டி எடுத்து, சுற்று எண்ணி, கம்பி கேஜ் அளந்து, புதிதாகக் கட்டி, டெஸ்ட் போட்டு அனுப்புவது வரை நானே செய்வேன். என் பெயரைச் சொல்லித் தேடி வருகிற விவசாயிகளும் இருக்கிறார்கள்.

நாள் கூலி 750 ரூபாய். சனிக்கிழமை வாரச் சம்பளமாகக் கைக்கு வரும். மாதம் 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் தண்ணீர் கீழே இறங்கி மோட்டார்கள் அடுத்தடுத்து எரியும். அப்போது ராத்திரி வரை வேலை இருக்கும், பணமும் கூட வரும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பிடித்தால் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. வேலை இல்லாத நாளுக்குக் கூலி கிடையாது.

இப்போது கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன் வேலைக்கு இன்டர்வியூ முடிந்து, வரச் சொல்லியிருக்கிறார்கள். மொத்தச் சம்பளம் 20,000. அதில் பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 15,000. பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 150 பிடித்தது போக 18,050 கையில் வரும் என்றார்கள். மூன்று ஷிப்ட்.

அம்மா கம்பெனிக்குப் போ என்கிறார். பெண் பார்க்கப் போகிற இடத்தில் எல்லாம் "மாப்பிள்ளை எந்தக் கம்பெனி" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை. காலில் புண் வந்ததில் இருந்து தோட்ட வேலைக்குப் போவதில்லை. கடை முதலாளி அண்ணன்தான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்தவர். தங்கச்சி கல்யாணத்துக்கு நான் கேட்காமலே பணம் கொடுத்தார். என்றைக்காவது சொந்தமாகக் கடை போட வேண்டும் என்கிற ஆசையும் எனக்கு உண்டு.

கம்பெனியில் இருப்பவர்கள், இருந்துவிட்டு வந்தவர்கள் சொல்லுங்கள். போனால் என்ன கிடைக்கும், எதை இழப்பேன்?


விரகனூர் சூப்பர்வைசர்:

தம்பி, இருபது வருடத்துக்கு மேல் கம்பெனி மெயின்டனன்ஸில் இருக்கிறேன். எலக்ட்ரீசியனாகச் சேர்ந்தேன், இப்போது சூப்பர்வைசர். நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கு. உங்களிடம் பிடிக்கும் 1,800-க்குச் சமமாகக் கம்பெனியும் 1,800 கட்ட வேண்டும். கம்பெனி கட்டுவதில் 1,250 பென்ஷனுக்குப் போகும், மீதி 550 உங்கள் பிஎஃப் கணக்கில் விழும். ஆக மாதம் 2,350 ரூபாய் உங்கள் பெயரில் வட்டியோடு சேர்கிறது. பத்து வருடம் சர்வீஸ் முடித்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. 15,000-ஐ சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மாதம் 2,143 ரூபாய்தான் வரும், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் சர்வீஸில் இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பிஎஃப்போடு சேர்ந்த இன்சூரன்ஸில் வீட்டுக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். அதற்கு உங்கள் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை.

அடுத்து கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு வரும்போது கம்பெனி கொடுக்கும் பணிக்கொடை. கடைசி மாத பேசிக், டிஏவை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடக் கணக்கு வரும். உங்கள் 15,000-க்கு அது 8,654 ரூபாய். ஐந்து வருடம் முடித்து வெளியே வந்தால் சுமார் 43,000. போனஸ் குறைந்தது 8.33 சதவீதம். ஓவர்டைம் பார்த்தால் இரட்டைச் சம்பளம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நான்கோடு இன்னும் ஐந்து பண்டிகை நாள், மொத்தம் ஒன்பது நாள் சம்பளத்தோடு லீவு என்று 1958-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. உங்கள் கடையில் மழை பெய்தால் கூலி போகிறது. இங்கே மழை பெய்தாலும் ஒன்றாம் தேதியோ ஏழாம் தேதியோ சம்பளம் வந்துவிடும். அதை வைத்துத்தான் என்னால் சீட்டுக் கட்டவும், பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டவும், விரகனூரில் வீட்டுக்கு லோன் வாங்கவும் முடிந்தது.

ஆனால் இவ்வளவும் நீங்கள் யாருடைய ரோலில் சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் எழுதியதில் அது இல்லை. கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட் ரோலா? அதாவது உங்களை வேலைக்கு வைப்பது கம்பெனியா, ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரா? யூனிபார்ம், கேன்டீன், பார்க்கிற வேலை எல்லாம் ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் கஷ்ட காலத்தில்தான் தெரியும். நான் முன்னால் இருந்த ஒரு கம்பெனியில் ஆர்டர் குறைந்து ஒரு லைனையே நிறுத்தினார்கள். கம்பெனி ரோலில் இருந்தவர்களுக்கு ஒரு மாத நோட்டீஸ், சர்வீஸ் ஒரு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். கான்ட்ராக்ட்டில் இருந்தவர்களிடம் நாளையில் இருந்து வர வேண்டாம் என்று சொன்னதோடு சரி. என் பக்கத்திலேயே நின்று அதே பேனலில் வேலை பார்த்த பையன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

தொழில் பக்கம் நீங்கள் எதை இழப்பீர்கள் என்றால், காயில் கட்டுகிற கை. பெரும்பாலான கம்பெனிகளில் மோட்டார் எரிந்தால் உள்ளே கட்ட மாட்டார்கள். கழற்றி, ஸ்பேர் மோட்டாரை மாட்டிவிட்டு, எரிந்ததை உங்கள் கடை மாதிரி ஓர் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். லைன் நின்றால் நிமிடத்துக்குக் கணக்குக் கேட்பார்கள், அதனால் ரிப்பேர் பார்ப்பதைவிட மாற்றிவிடுவதுதான் அங்கே முறை. இரண்டு வருடம் கட்டாமல் இருந்தால் வேகம் போய்விடும். அதற்குப் பதிலாக கன்ட்ரோல் பேனல், மோட்டார் வேகத்தை மாற்றுகிற விஎஃப்டி டிரைவ், மெஷினைத் தானாக ஓட்டுகிற பிஎல்சி, ஜெனரேட்டர், டிராயிங் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பது எல்லாம் பழகலாம். மோட்டார் ஏன் எரிந்தது என்று காரணத்தைத் தேடுகிற பழக்கம் வரும். இந்த ஊரில் இது இரண்டும் சேர்ந்த ஆள் குறைவு. நாளைக்குச் சொந்தக் கடை போட்டால் விவசாயிகளோடு கம்பெனி மோட்டாரும் உங்களிடம் வரும்.

நைட் ஷிப்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாரத்துக்கு வாரம் தூக்கம் மாறும். முதல் ஆறு மாதம் உடம்பு கேட்காது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் ஊரே வைகையில் நிற்கும்போது எனக்குப் பல வருடம் ஷிப்ட் இருந்திருக்கிறது. கொடுத்த ஒன்பது நாளில் எது எந்தப் பண்டிகைக்கு என்பது ஒவ்வொரு கம்பெனியிலும் வேறு. சேரும் முன்பே அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.


ஆரப்பாளையம் அக்கா:

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் இஎஸ்ஐ பற்றி மட்டும் எழுதுகிறேன். தம்பி அப்பாவுக்குச் சர்க்கரை, காலில் புண் என்று எழுதியதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த 150 ரூபாயைப் பிடித்தம் என்று நினைக்காதீர்கள். உங்களுடையது முக்கால் சதவீதம், கம்பெனி கட்டுவது மூன்றேகால் சதவீதம், அதாவது 650 ரூபாய். அதில் உங்களுக்கு மட்டும் இல்லை, உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு. அவர்கள் வருமானம் மாதம் 9,000-க்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணம் ஆனால் மனைவி, பிள்ளைகளும் சேர்வார்கள். என் மாமியாருக்கு சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எல்லாம் அதில்தான் வாங்குகிறோம். முதலில் உங்கள் பகுதி இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்ட வேண்டும், பெரிய வைத்தியம் என்றால் தத்தனேரி இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். கூட்டம் இருக்கும். சீட்டுக்கு, டாக்டருக்கு, மருந்துக்கு என்று மூன்று வரிசை. காலையிலேயே போனால்தான் மதியத்துக்குள் திரும்பலாம். பொறுமை வேண்டும். ஆனால் வெளியே சர்க்கரைப் புண்ணுக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் என்ன பில் வரும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வரிசை பெரிதாகத் தெரியாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அதற்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். உங்கள் கூலியே அதைத் தாண்டுகிறது.

நான் முன்பு டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருந்தேன். காலையில் இருந்து ராத்திரி வரை நின்றபடியேதான். கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டமே வந்தது. அந்தக் கடையில் கர்ப்பமானால் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் வேலையை விட்டுவிடுவார்கள். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள், நிற்க முடியாமல் தானாகப் போய்விடுவார்கள். பிறகு ஒரு பேக்கிங் கம்பெனிக்கு மாறினேன். அங்கே இருந்தபோது எனக்கு இரண்டாவது குழந்தை. 26 வாரம் இஎஸ்ஐயில் இருந்து சம்பளம் வந்தது, திரும்பிப் போனபோது அதே இடத்தில் வேலையும் இருந்தது. உங்களுக்கு வரப்போகிற பெண் வேலைக்குப் போகிறவளாக இருந்தால் அவளிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இஎஸ்ஐக்கு இப்போதைய சம்பள வரம்பு 21,000. உங்களுக்கு 20,000. ஓர் இன்கிரிமென்ட் வந்து 21,000-ஐத் தாண்டினால், அந்த ஆறு மாதக் கணக்கு முடிகிற வரைதான் இஎஸ்ஐ இருக்கும், பிறகு வெளியே வந்துவிடுவீர்கள். ஓவர்டைம் இந்த வரம்புக் கணக்கில் சேராது, அதற்குப் பயப்பட வேண்டாம். வரம்பைத் தாண்டியவர்களுக்குக் கம்பெனி வேறு குரூப் இன்சூரன்ஸ் எடுக்கிறதா, அதில் அப்பா அம்மா உண்டா என்று இப்போதே கேளுங்கள். பல இடங்களில் மனைவி, பிள்ளைகளோடு நிறுத்திவிடுகிறார்கள்.


பேரையூர் மல்லித்தோட்டம்:

நான் கம்பெனிக்குப் போனவன் இல்லை. உங்களை மாதிரி ஆளைத் தேடி வருகிற விவசாயி. வெயில் காலத்தில் மோட்டார் எரிந்து நான்கு நாள் தண்ணீர் பாய்ச்சவில்லை என்றால் மல்லிச் செடியில் மொட்டு நின்றுவிடும், மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு அனுப்பப் பூ இருக்காது. காயில் சரியாகக் கட்டுகிற ஆள் எங்கள் பக்கம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். புதிதாகப் பழக யாரும் வருவதில்லை.

போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் போகும் முன் முதலாளியிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். முழு மோட்டாரையும் தனியாகக் கட்டுகிறவர் ஏன் நாள் கூலிக்கு நிற்க வேண்டும்? மோட்டாருக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் கேட்கலாம், சீசனில் பங்கு கேட்கலாம். கல்யாணத்துக்குக் கேட்காமல் கொடுத்தவர் இதையும் யோசிப்பார்.


மேலூர் பம்ப்செட்:

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் 11 வருடம் இருந்துவிட்டு மேலூரில் சொந்தமாக வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கேள்வி எனக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

விரகனூர் அண்ணன் சொல்லும் ஒரு விஷயத்தில் எனக்கு வேறு எண்ணம். கம்பெனியில் இருந்து வந்தால் கம்பெனி மோட்டாரும் வரும் என்கிறார். எனக்கு அப்படி நடக்கவில்லை. கம்பெனிகள் ஜிஎஸ்டி பில், 60 நாள் 90 நாள் கடன், வாரன்டி என்று கேட்பார்கள். புதுக் கடையால் அதைத் தாங்க முடியாது. காப்பர் கம்பியை நாம் ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டும், அவர்கள் பணம் மூன்று மாதம் கழித்து வரும். எனக்குச் சோறு போட்டது விவசாயிகள்தான். அவர்களிலும் பாதிப் பேர் அறுப்புக்குப் பிறகுதான் கொடுப்பார்கள், ஆனால் கொடுத்துவிடுவார்கள்.

உங்களிடம் இன்றைக்கு இருக்கிற பெரிய சொத்து உங்கள் பெயர் சொல்லி வருகிற ஆட்கள். எனக்கு அது இல்லை. ஓசூரில் இருந்து வந்தபோது மேலூரில் என் கை வேலையைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை, முதல் இரண்டு வருடம் மிகவும் சிரமப்பட்டேன். நீங்கள் ஐந்து வருடம் கப்பலூருக்குள் போய்விட்டால் பேரையூர்க்காரர் வேறு ஆளைப் பழகிக்கொள்வார். அது எந்தப் பே ஸ்லிப்பிலும் வராத நஷ்டம்.

அதனால் என் கேள்வி, கடை எப்போது போடப் போகிறீர்கள்? இரண்டு மூன்று வருடத்துக்குள் என்றால் போகாதீர்கள். முதலாளியிடம் பீஸ் ரேட் பேசிவிட்டு, கிடைப்பதைச் சேர்த்து வையுங்கள். நாலைந்து பேர் வேலை பார்க்கிற கடைக்கு பிஎஃப் கட்டாயம் இல்லை, அதற்கு 20 பேர் வேண்டும். இஎஸ்ஐக்கு 10 பேர். எனவே அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதை நீங்களே ஈடு கட்ட வேண்டும். போஸ்ட் ஆபீஸில் பிபிஎஃப் கணக்கு, பாங்கில் அடல் பென்ஷன், அப்பாவையும் சேர்த்து ஒரு மெடிக்கல் பாலிசி. அப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால் பாலிசிக்குக் காத்திருப்புக் காலமும் கூடுதல் பிரீமியமும் கேட்பார்கள். இங்கேதான் ஆரப்பாளையம் அக்கா சொன்ன இஎஸ்ஐ ஜெயிக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கடை எப்போது என்று இன்னும் முடிவே செய்யவில்லை, கையில் முதலும் இல்லை என்றால் கம்பெனிக்குப் போங்கள். எனக்கு முதல் வந்தது அங்கேதான். பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் சேர்ந்ததை வைத்து வார்னிஷ் காய வைக்கிற ஓவன், கிணற்றில் இருந்து மோட்டார் தூக்க முக்காலியும் செயின் பிளாக்கும், பழைய லோடு ஆட்டோ ஒன்று வாங்கினேன். மீதிக்கு மாவட்டத் தொழில் மையம் மூலமாக பிஎம்இஜிபி என்கிற மத்திய அரசின் சுயதொழில் கடன் போட்டேன். கிராமப் பகுதியில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், மற்ற பிரிவுகளுக்கு 35 சதவீதம் மானியம் உண்டு. பாங்கில் உட்கார்ந்தபோது மேனேஜர் முதலில் கேட்டது சம்பளம் வரவான பழைய பாஸ்புக்கைத்தான். வாரச் சம்பளத்தைக் கையில் வாங்குகிறவரிடம் காட்ட அப்படி ஒன்று இருக்காது.

போனாலும் கை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வார லீவில் முதலாளி கடைக்குப் போய் ஒரு மோட்டாராவது கட்டுங்கள். சித்திரையில் அவருக்கும் ஆள் தேவைப்படும். ஆனால் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று போட்டிருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள்.


திருமங்கலம் வைண்டர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரோல் பற்றிக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. இன்று மதியம் ஹெச்ஆருக்கு போன் செய்தேன். முதல் வருடம் கான்ட்ராக்டர் ரோல், வேலை பிடித்திருந்தால் அதன் பிறகு கம்பெனி ரோலுக்கு எடுப்போம் என்றார். லெட்டரில் அப்படிப் போடுவீர்களா என்றதற்கு, வாயால் சொன்னால் போதாதா தம்பி என்கிறார். பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் முதல் மாதத்தில் இருந்தே உண்டாம். கடை போடுவது பற்றி, முதல் இல்லாததால் மூன்று வருடத்துக்குள் முடியாது என்றுதான் நினைக்கிறேன். அப்பா வைத்தியத்தை நினைத்தால் கம்பெனிப் பக்கம் மனது போகிறது. இந்த கான்ட்ராக்ட் விஷயத்தில் என்ன செய்வது?


விரகனூர் சூப்பர்வைசர்:

வாய்ப் பேச்சு போதாது தம்பி. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களில் எல்லாத் தொழிலாளிக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கான்ட்ராக்டராக இருந்தாலும் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு என்று காலம் குறித்து நேரடியாகக் கம்பெனியே எடுக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி எடுத்தால் ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டிக் கணக்கு உண்டு, ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம். முடியாது என்றால் கான்ட்ராக்டர் பெயர், அவருடைய பிஎஃப் கோடு, சேரும் தேதி, வேலையின் பெயர், சம்பளப் பிரிவு எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ஹெல்பர் என்று போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், எலக்ட்ரீசியன் என்று இருக்க வேண்டும். பின்னால் சூப்பர்வைசர் சி லைசென்ஸ் போட அனுபவச் சான்று கேட்கும்போது அது உதவும்.

சேர்ந்த பிறகு உமாங் ஆப்பில் பாஸ்புக் பாருங்கள். ஒரு மாதப் பிடித்தம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். இரண்டு மாதம் வரவில்லை என்றால் கான்ட்ராக்டரிடம் மட்டும் நிற்காமல் கம்பெனி ஹெச்ஆரிடம் எழுதிக் கொடுங்கள். கான்ட்ராக்டர் கட்டாமல் விட்டால் கம்பெனிதான் பொறுப்பு. பிஎஃப்பின் யூஏஎன் நம்பர் உங்களுடையது, கான்ட்ராக்டர் மாறினாலும் அதே நம்பரைக் கொடுங்கள், புதிதாக எடுக்க விடாதீர்கள்.

இன்னொன்று. மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்த கேட்டுக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் போய் நில்லுங்கள். கான்ட்ராக்ட்டில் சேர்ந்து கம்பெனி ரோலுக்கு மாறினவர்கள் யாராவது இருக்கிறார்களா, எத்தனை வருடம் ஆனது என்று எலக்ட்ரீசியன்களிடமே கேளுங்கள். ஒருவரும் இல்லை என்றால் வேறு கம்பெனி பாருங்கள். கப்பலூரில் அது ஒன்றுதான் கம்பெனி இல்லை, வாடிப்பட்டி பக்கமும் இருக்கிறது.


ஆரப்பாளையம் அக்கா:

சேரும் நாளிலேயே அப்பா, அம்மா ஆதாரும் போட்டோவும் கொண்டுபோய் இஎஸ்ஐ குடும்ப விவரத்தில் ஏற்றச் சொல்லுங்கள் தம்பி. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அவசரத்துக்கு அலைய வேண்டிவரும். கார்டு வந்ததும் உங்கள் பேர், அப்பா பேர் எழுத்து ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்றும் பாருங்கள்.